மித்தி ஆறும் மாகிம் கழியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மும்பை நகருக்குள் ஓடி மாகிம் உப்பங்கழி வழியாக அரபிக் கடலில் சேரும் மித்தி ஆற்றைப் பற்றியும், அதன் கரைகளில் மழைக்காலந்தோறும் ஏறும் வெள்ளத்தைப் பற்றியும் வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். சில நாள்களில் மழை அடித்துப் பெய்தாலும் ஒரு மணி நேரத்தில் எங்கள் சந்து காய்ந்துவிடுகிறது. வேறு சில நாள்களில் மழை குறைவாகப் பெய்தும், அது நின்ற பிறகுங்கூடத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. இந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம்?
— ஒரு வாசகி, தாராவி, மும்பை

பதில்: நீங்கள் கவனித்திருப்பது மிகச் சரியானது. மித்தி ஆற்றின் வெள்ளத்தைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோலும் அதுவே. உங்கள் சந்தில் தண்ணீர் நிற்குமா வடியுமா என்பதை மழையின் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த மழை பெய்யும் நேரத்தில் கடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

சென்னைக் கடற்கரையில் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். மும்பையிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அது நான்கு மீட்டர் வரை போகிறது. ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை கடல் ஏறுகிறது. ஏறும்போது உப்புநீர் மாகிம் முகத்துவாரம் வழியாக உள்ளே புகுந்து, தாராவியையும் பாந்திரா-குர்லா வளாகத்தையும் கடந்து குர்லாப் பக்கம் வரை மேலேறுகிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தூரத்துக்கு இந்த ஏற்றவற்றத்தின் ஆட்சி உண்டு.

கடல் உச்சத்தை நெருங்கும் இரண்டு மூன்று மணி நேரம் ஆற்றின் வாய் ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது. அந்த நேரத்தில் மழை பெய்யாவிட்டால் பாதிப்பில்லை. பெய்தால், அந்தத் தண்ணீர் கடல் இறங்கும் வரை எங்காவது காத்திருக்க வேண்டும். அது காத்திருப்பதற்கென்று இயற்கை வைத்திருந்த இடங்கள் சதுப்பு நிலங்களும் அலையாத்திக் காடுகளும் உப்பளங்களும் தாழ்வான வயல்களும் ஆகும். அந்த இடங்கள் இல்லாமற்போனால் அது வீதிகளிலும் வீடுகளிலும் காத்திருக்கும். மழை நின்ற பின்னும் உங்கள் சந்தில் தண்ணீர் ஏறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஆற்றின் மேற்பகுதியிலுள்ள பவாய், சாகி நாகாப் பக்கம் பெய்த மழை சற்றுத் தாமதித்துத்தான் உங்கள் பகுதிக்கு வந்து சேருகிறது.

கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கடல் வாயை அடைத்திருக்கும் நேரத்தில் தண்ணீர் தங்குவதற்கு வேண்டிய இடத்தை நகரம் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டதே மித்தி ஆற்றின் வெள்ள வரலாறு என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காகத் தாராவிக்குப் போனவர்கள், அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது உண்மையா? இந்த வெள்ளத்தின் வரலாறு எந்தக் காலத்தில் தொடங்குகிறது?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் ஊர்க்காரர்கள் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. தாராவி கழியோரத்தில் இருந்த கோளி மீனவர்களின் ஊர். அதைச் சுற்றியிருந்தவை சேறும் அலையாத்தியும் கடல்நீர் வந்து போகும் வாய்க்கால்களும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் தொழிலும் மண்பாண்டத் தொழிலும் நகரின் உட்பகுதியிலிருந்து விலக்கப்பட்டு இத்தகைய ஓரங்களுக்குத் தள்ளப்பட்டன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தொழிலாளர்கள் குடியேறியதும் அந்தச் சூழலில்தான். யாருக்கும் வேண்டாத ஈர நிலமாக இருந்ததனாலேயே அது அவர்களுக்குக் கிடைத்தது. பிறகு தலைமுறை தலைமுறையாகக் கல்லும் மண்ணும் குப்பையும் கொட்டித் தாங்களே அதை உயர்த்திக்கொண்டார்கள்.

மும்பை என்று இன்று நாம் அழைக்கும் நகரின் தென்பகுதி கொலாபா, மசகாவ், பரேல், ஒர்லி, மாகிம் உள்ளிட்ட ஏழு தீவுகளால் ஆனது. வடக்கே சால்செட் என்ற பெரிய தீவு இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கிடந்த கடல்நீர்ப் பரப்பின் மேற்குப் பகுதியே மாகிம் கழி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒர்லிக்கு அருகே கடல் உட்புகுந்த பெரிய இடைவெளி அணையிட்டு மூடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சயானில் ஒரு தரைப்பாலம் கட்டப்பட்டது. அதன் பயனாகக் கிழக்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் போய்வந்துகொண்டிருந்த நீருக்குக் கிழக்கு வழி குறுகிப்போனது.

1845இல் மாகிமையும் பாந்திராவையும் இணைக்கும் தரைப்பாலம் முடிந்தது. படகில் கழியைக் கடப்போர் உயிரிழந்து வந்ததால் மக்கள் நெடுங்காலம் வேண்டியும் அரசு செலவை ஏற்க மறுத்துவிட, சீமாட்டி அவாபாய் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் தம் சொந்தப் பணத்திலிருந்து அளித்து அதைக் கட்டுவித்தார். கடப்பவர்களிடம் சுங்கம் வாங்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. அறச்செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நீரியல் நோக்கில் பார்த்தால், அகன்று கிடந்த கழியின் வாய் அந்த மண்ணணையால் பாலத்தின் சில கண்களுக்குள் சுருக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அதன் அருகிலேயே இரயில் பாலமும் வந்தது.

ஆற்றின் மேல்தலையிலும் அதே காலத்தில் மாற்றம் நடந்தது. பம்பாய்க்குக் குடிநீர் தருவதற்காக மித்தி ஆற்றின் பள்ளத்தாக்கை அணையிட்டு மறித்து, 1860இல் விகார் ஏரி கட்டி முடிக்கப்பட்டது. 1879இல் துல்சி ஏரியும், சுமார் பத்தாண்டுகளுக்குப் பின் பவாய் ஏரியும் உருவாயின. விகாரும் பவாயும் நிரம்பி வழியும் உபரி நீரே இன்றைய மித்தி ஆற்றின் தொடக்கம். எனவே கோடையில் அதற்கு இயற்கையான நீரோட்டம் கிடையாது. எட்டு மாதம் நகரின் கழிவுநீர் மட்டுமே அதில் ஓடும். அதைச் சாக்கடை என்று எண்ணி, ஆறு என்பதையே நகரம் மறந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: 2005 ஜூலை 26 வெள்ளத்தைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். அப்போது நான் சிறு குழந்தை. உண்மையில் அன்று நடந்தது என்ன? தென் மும்பையில் மழையே பெரிதாக இல்லை என்கிறார்களே, அது எப்படி?
— ஒரு கல்லூரி மாணவர், முலுண்டு

பதில்: சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் அன்று காலை எட்டரை மணி முதல் மறுநாள் காலை எட்டரை மணி வரை பதிவான மழை 944 மில்லிமீட்டர். இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் தெற்கே உள்ள கொலாபாவில் பதிவானது ஏறத்தாழ 73 மில்லிமீட்டர் மட்டுமே. விகார் ஏரிப் பகுதியிலோ ஆயிரத்தைத் தாண்டியது. அதாவது, மழை மேகத்தின் மிகக் கனத்த பகுதி மித்தி ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பரப்பின் மேலேயே நின்று கொட்டியது. தென் மும்பையின் அலுவலகங்களில் இருந்தவர்களுக்கு அது வழக்கமான ஜூலை மழையாகவே தோன்றியதால், வடக்கே புறநகர்களுக்குத் திரும்பும் வழியில்தான் பல்லாயிரம் பேர் அகப்பட்டுக்கொண்டார்கள்.

இருபத்துநான்கு மணி நேரக் கணக்கு, உண்மை நிலையை முழுதாகக் காட்டாது. பிற்பகல் இரண்டரை மணியிலிருந்து மாலை ஆறரை மணி வரையிலான நான்கு மணி நேரத்தில் மட்டும் 481 மில்லிமீட்டர் பெய்தது. அதில் முதல் ஒரு மணி நேரத்தில் 190 மில்லிமீட்டர். மும்பையின் மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கென வகுக்கப்பட்டவை. அந்தக் கணக்கிலும், பெய்யும் மழையில் பாதி மண்ணுக்குள் இறங்கிவிடும் என்ற அனுமானம் அடங்கியிருந்தது. தார்ச்சாலையும் காங்கிரீட் தளமுமாக மாறிவிட்ட நகரில் அந்தப் பாதி இறங்குவதற்கு மண் ஏது?

மித்தி ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பரப்பு ஏறத்தாழ 73 சதுர கிலோமீட்டர். அதன் மேல் சீராக 944 மில்லிமீட்டர் பெய்ததாக வைத்துக்கொண்டால், ஒரே நாளில் இறங்கிய தண்ணீர் ஏறத்தாழ 6.9 கோடி கன மீட்டர். நமக்குப் பழக்கமான கணக்கில் சொன்னால் 2.4 டி.எம்.சி. விகார் ஏரியின் மொத்தக் கொள்ளளவே ஒரு டி.எம்.சி.க்குச் சற்றுக் குறைவுதான். இரண்டரை விகார் ஏரிகள் பதினெட்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நகரக் கால்வாய்க்குள் ஒரே நாளில் புகுந்தால் என்ன நடக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். அதே பிற்பகலில் கடலும் 4.48 மீட்டர் உயரத்துக்கு ஏறி நின்றது. வானம் திறந்திருந்தபோது வாய் அடைபட்டிருந்தது என்பதே அன்றைய பேரழிவின் சுருக்கம்.

குர்லா, காலினா, சாகி நாகா, பாந்திரா கிழக்கு, தாராவி ஆகிய பகுதிகளில் தரைத்தள வீடுகள் மூழ்கின. மின்சாரமும் தொலைபேசியும் செயலிழந்தன. புறநகர் இரயில்கள் தண்டவாளத்திலேயே நின்றன. விமான நிலையம் முப்பது மணி நேரத்துக்கும் மேல் மூடப்பட்டது. கண்ணாடி ஏற்றிய கார்களுக்குள் சிக்கி மூச்சுத் திணறி இறந்தவர்களும் உண்டு. சாகி நாகாவில் குன்றுச் சரிவு இடிந்து குடிசைகளின் மேல் விழுந்ததில் ஒரே இடத்தில் எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மும்பையில் மட்டும் 419 பேர் வெள்ளத்தில் இறந்தனர். அதைத் தொடர்ந்து எலிக் காய்ச்சல் உள்ளிட்ட நோய்களால் மேலும் 216 பேர் இறந்தனர். இந்த இரண்டாவது எண்ணைப் பலரும் குறிப்பிடுவதில்லை. வெள்ளம் வடிந்த பிறகு இறந்தவர்களும் வெள்ளத்தால் இறந்தவர்களே.

கேள்வி: ஆற்றோரக் குடிசைகளும் பிளாஸ்டிக் பைகளுமே வெள்ளத்துக்குக் காரணம் என்று எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள். நான் மறுத்துப் பேசினேன். ஆனால் சான்று காட்ட முடியவில்லை. தாங்கள் விளக்க வேண்டும்.
— ஒரு வாசகர், செம்பூர்

பதில்: பிளாஸ்டிக் பைகள் வடிகால்களின் வாயை அடைத்தன என்பது உண்மை. ஆற்றுக்குள் நீட்டிக் கட்டப்பட்ட குடிசைகளும் பட்டறைகளும் பழைய இரும்புக் கிடங்குகளும் அதன் அகலத்தைக் குறைத்தன என்பதும் உண்மை. ஆனால், இவற்றோடு பட்டியலை முடித்துக்கொள்வது பெரிய நியாயமின்மை.

ஆற்றின் வழியே மேலிருந்து கீழாக வாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவ விமானத் தளமாகத் தொடங்கிய சாந்தாகுருஸ் விமான நிலையம் விரிவடைந்தபோது, ஓடுபாதைக்கு இடம்விடுவதற்காக மித்தி ஆறு ஒதுக்கப்பட்டு, செங்கோணத் திருப்பங்களுக்குள் வளைக்கப்பட்டது. வேகமாக வரும் தண்ணீர் செங்கோணத்தில் திரும்பாது. திருப்பத்தில் முட்டித் தேங்கும், அல்லது கரையை மீறி நேரே போகும். 2005இல் விமான நிலையமே தண்ணீரில் நின்றது தற்செயலன்று. இந்தத் திருப்பங்களை எந்தக் குடிசைவாசியும் அமைக்கவில்லை.

இன்னும் கீழே பாந்திரா-குர்லா வளாகம். 1977இல் மும்பைப் பெருநகர வட்டார மேம்பாட்டு ஆணையம் இதற்கான சிறப்புத் திட்ட அமைப்பாக நியமிக்கப்பட்டது. மித்தி ஆறு, வகோலா நாலா, மாகிம் கழி ஆகியவற்றின் இருபுறமும் கிடந்த 370 ஹெக்டேர் தாழ்நிலத்தை மேம்படுத்துவதே திட்டம். இன்று அங்கே வங்கித் தலைமையகங்களும் தேசியப் பங்குச் சந்தையும் வைரச் சந்தையும் வெளிநாட்டுத் துணைத் தூதரகங்களும் நிற்கின்றன. ஒரு கணக்குக்காக, அந்த 370 ஹெக்டேரும் இரண்டு மீட்டர் உயர்த்தப்பட்டதாக வைத்துக்கொள்வோம். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் தண்ணீர் தங்கியிருக்கக்கூடிய 74 லட்சம் கன மீட்டர் இடம் அதனால் போய்விட்டது. 2005 ஜூலை 26இல் பெய்த மழையில் இது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. எனவே, அந்த வளாகம் இல்லாதிருந்தால் அன்று வெள்ளமே வந்திராது என்று நான் வாதிடவில்லை. அத்தகைய மழைக்கு எந்த நகரமும் நனைந்தே தீரும். ஆனால் அதைவிடச் சிறிய மழைகளில், ஆண்டுதோறும் வரும் மழைகளில், அந்த 74 லட்சம் கன மீட்டர் இடம் எத்தனை வீடுகளைக் காத்திருக்கும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கும் கீழே, தாராவிக்கும் மாகிமுக்கும் இடையே நகரின் குப்பை பல ஆண்டுகள் கழியோரத்தில் கொட்டப்பட்டு மேடாயிற்று. அந்த மேட்டின் ஒரு பகுதியில் மரம் நட்டு வளர்த்து, இன்று மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாக 37 ஏக்கரில் பேணுகிறார்கள். பூங்கா அருமையானது, அங்கே போய்ப் பார்க்குமாறு எல்லோரிடமும் சொல்வேன். அதன் அடியில் கிடப்பது மாநகரம் தானே கொட்டிய குப்பை என்பதையும் உங்கள் சங்கத்தாரிடம் நினைவூட்டுங்கள்.

வெள்ளத்தின் காரணங்களை ஆராய மகாராஷ்டிர அரசு அமைத்த உண்மையறியும் குழுவுக்கு, நீர்வளத் துறையின் முன்னாள் மத்தியச் செயலரும் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு பெற்றவருமான மாதவ் சித்தளே தலைமை வகித்தார். 2006இல் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை ஆற்றின் நிலையையும் வடிகால்களின் போதாமையையும் விரிவாக எடுத்துரைக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அந்த அறிக்கையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்: கரையில் குடியிருந்தவன் ஆற்றை நெருக்கினான் என்றால், வேறு இடம் வாங்க வழியில்லாததால் நெருக்கினான். திட்ட வரைபடமும் பொறியாளர்களும் பொதுப்பணமும் கையில் வைத்துக்கொண்டு நெருக்கியவர்களுக்கு அந்தச் சமாதானம் கிடையாது.

கேள்வி: 2005க்கு முன்னர் எச்சரிக்கை எதுவும் இருக்கவில்லையா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இருந்தது. 1974 ஜூலை 5ஆம் நாள் கொலாபாவில் 575 மில்லிமீட்டர் மழை பதிவானது. நகரின் மேல் இத்தகைய மழை இறங்கக்கூடும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. 1985 வெள்ளத்துக்குப் பின் மழைநீர் வடிகால்களைச் சீரமைக்க ஆய்வு நடத்தப்பட்டு, ‘பிரிம்ஸ்டோவாட்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அறிக்கை 1993இல் வந்தது. வடிகால்களின் திறனை மணிக்கு 50 மில்லிமீட்டராக இரட்டிப்பாக்க வேண்டும் என்பது அதன் சாரம். செலவு அதிகம் என்று அது கிடப்பில் போடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகே அதைத் தூசு தட்டி எடுத்தார்கள்.

கேள்வி: ஆற்றை ஆழமாகத் தோண்டி, இருபுறமும் உயரமான சுவர் எழுப்பினால் தீர்ந்துவிடாதா? 2005க்குப் பிறகு அதைத்தானே செய்துவருகிறார்கள்? இப்போது அந்தப் பகுதி பாதுகாப்பாக இருக்கிறதா?
— ஒரு ஓய்வுபெற்ற பொறியாளர், மதுரை. இதே கருத்தில் மேலும் மூவர்

பதில்: செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆற்றின் மேற்பகுதி ஏறத்தாழ 12 கிலோமீட்டரை மாநகராட்சியும், கீழ்ப்பகுதி 6 கிலோமீட்டரைப் பெருநகர வட்டார மேம்பாட்டு ஆணையமும் பொறுப்பேற்று அகலப்படுத்தின, ஆழப்படுத்தின, கரையில் தடுப்புச் சுவர் எழுப்பின. நகரின் பிற பகுதிகளில் ஹாஜி அலி, இர்லா, லவ்குரோவ் உள்ளிட்ட ஆறு இடங்களில், கடல் ஏறியிருக்கும்போது மழைநீரை இறைத்து வெளியேற்றும் பெரிய நீரேற்று நிலையங்கள் அமைந்தன. தீயணைப்பு நிலையங்கள் முதலிய இடங்களில் தானியங்கி மழைமானிகள் நிறுவப்பட்டன. கொலாபாவில் தூறலும் குர்லாவில் பேய்மழையும் என்றால் இப்போது அது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். என் பார்வையில் உயிர்களை மிகுதியாகக் காத்தவை இந்த மழைமானிகளும் அவற்றையொட்டிய வெளியேற்ற ஏற்பாடுகளுமே. 2017 ஆகஸ்ட் 29ஆம் நாள் சாந்தாகுருஸில் 331 மில்லிமீட்டரும், 2019 ஜூலைத் தொடக்கத்தில் ஒரே நாளில் 375 மில்லிமீட்டரும் பெய்தன; நகரம் நின்றுபோனாலும் மித்திக் கரையில் 2005 போன்ற உயிர்ச்சேதம் நேரவில்லை. 2025 ஆகஸ்ட் 19ஆம் நாள் ஆறு 3.9 மீட்டர் மட்டத்தை எட்டியபோது, குர்லா கிராந்தி நகரிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர்.

ஆனால் கிராந்தி நகர் மக்கள் கனமழை பெய்யும் ஆண்டுகளில் திரும்பத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்குவதைப் பாதுகாப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆழப்படுத்துவதைப் பற்றிப் பொறியாளரான நீங்கள் எளிதில் உணரக்கூடிய ஒரு வரம்பு உண்டு. ஓட்டமுள்ள மேற்பகுதியில் ஆழப்படுத்துவது பயன் தரும். தண்ணீர் விரைந்து இறங்கும். கடல் ஏறியிறங்கும் கீழ்ப்பகுதியில், கடல் மட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தப் பள்ளத்தை முதலில் நிரப்புவது உப்புநீர். மழைநீர் வந்து சேரும்போது அது ஏற்கெனவே நிரம்பியிருக்கும். வற்றத்தின்போது ஓட்டத்தை விரைவுபடுத்த அந்த ஆழம் உதவும் என்றாலும், ஏற்ற நேரத்தில் அது தரும் கூடுதல் கொள்ளளவு ஏறக்குறைய இல்லை. ஏற்ற நேரத்தில் உதவக்கூடியது கடல் மட்டத்துக்கு மேலே உள்ள இடம் மட்டுமே. அதாவது அகலம், கரையோரத் தாழ்நிலம், சதுப்பு. ஆழத்தைத் தோண்டிப் பெறலாம். அகலத்தை யாரிடமிருந்தாவது திரும்ப வாங்கித்தான் பெற முடியும். அதனாலேயே ஆண்டுதோறும் தூர்வாரும் ஒப்பந்தங்கள் எளிதில் நிறைவேறுகின்றன. அகலப்படுத்தும் வேலைகள் இழுபறியாகின்றன.

தூர்வாருதலும் நேர்மையாக நடந்தால்தான் பயன். இந்தப் பணியில் ஏறத்தாழ 65 கோடி ரூபாய் முறைகேடு நடந்ததாக மும்பைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு 2025 மே மாதம் வழக்குப் பதிவு செய்தது. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். சேறு ஏன் ஆண்டுதோறும் சேருகிறது என்பதை மட்டும் நாம் கவனிப்போம். சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் கட்டட இடிபாடும் ஆற்றுக்குள் வந்துகொண்டிருக்கும் வரை, எவ்வளவு அள்ளினாலும் அடுத்த மழைக்குள் மீண்டும் படியும்.

சுவரைப் பொறுத்தவரை என் ஐயம் இன்னும் பெரிது. சுவர் ஆற்று நீர் ஊருக்குள் வருவதைத் தடுக்கிறது. ஊரில் பெய்த மழை ஆற்றுக்குள் போவதையும் தடுக்கிறது. சுவரில் விடப்பட்ட துளைகளின் வழியே, ஆறு உயர்ந்திருக்கும்போது தண்ணீர் எதிர்த்திசையில் வரும். அவற்றுக்குத் தடுப்புக் கதவும், கதவு மூடியிருக்கும் நேரத்தில் நீரை இறைக்க இயந்திரமும் வேண்டும். கதவும் இயந்திரமும் இல்லாத சுவர், தனக்குப் பின்னால் ஒரு குளத்தைக் கட்டுகிறது. மேலும், ஆறும் அலையாத்தியும் ஒன்றையொன்று தொடும் ஓரத்தைச் சுவர் வெட்டிவிடுகிறது. 2005 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் மகாராஷ்டிரம் முழுவதும் அலையாத்திகளை அழிக்கவும், அவற்றைச் சுற்றி 50 மீட்டருக்குள் கட்டுமானம் எழுப்பவும் இடைக்காலத் தடை விதித்தது. 2018இல் அது இறுதித் தீர்ப்பாக உறுதி செய்யப்பட்டது. மாகிம் கழியில் மிஞ்சியிருக்கும் பசுமைக்கு அந்தத் தீர்ப்பே வேலி. மித்தியின் பெயரால் செலவான தொகைகள் எல்லாவற்றையும்விட, செலவில்லாத அந்தத் தீர்ப்பு ஆற்றுக்கு அதிக நன்மை செய்திருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: என் மகனுக்குப் பாந்திரா-குர்லா வளாகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. குர்லா, காலினாப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கிறோம். வெள்ளத்தைக் கருதி எவற்றைக் கவனிக்க வேண்டும்?
— ஒரு தாயார், திருச்சிராப்பள்ளி

பதில்: தரைத்தள வீட்டைத் தவிருங்கள் அம்மா. வாடகை குறைவாக இருந்தாலும் வேண்டாம். வீடு பார்க்கப் போகும்போது தரகரிடம் மட்டும் கேட்காமல், அந்தத் தெருவில் நெடுங்காலமாகக் கடை வைத்திருப்பவரிடம் 2005இல் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று கேளுங்கள். பெரும்பாலும் சுவரைத் தொட்டுக் காட்டுவார். அதற்குப் பின் எந்தெந்த ஆண்டுகளில் தண்ணீர் வந்தது என்பதையும் கேளுங்கள். மின் அளவுமானிப் பெட்டியும் தண்ணீர் மோட்டாரும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். மோட்டார் மேடை மேல் ஏற்றப்பட்டிருந்தால், அந்தக் கட்டடத்துக்குள் தண்ணீர் வந்திருக்கிறது, அதிலிருந்து அவர்கள் பாடம் கற்றிருக்கிறார்கள் என்று பொருள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் நான்கரை மீட்டருக்கு மேல் ஏறும் நாள்களின் பட்டியலை மும்பை மாநகராட்சி பருவமழைக்கு முன்பே வெளியிடுகிறது, நாளிதழ்களிலும் வரும். அந்தத் தேதிகளையும் நேரங்களையும் மகன் தன் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளட்டும். அத்தகைய நாளில் கனமழை எச்சரிக்கையும் சேர்ந்து வந்தால், உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பும் பின்பும் வெளியே கிளம்பாமல் அலுவலகத்திலேயே இருப்பது நல்லது. வெள்ளத்தில் நடக்க நேர்ந்தால், காலில் புண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் போய் எலிக் காய்ச்சல் தடுப்பு மருந்து தேவையா என்று கேட்கச் சொல்லுங்கள். காய்ச்சல் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.